அரிச்சல்முனை வெயிலில் எடுக்கும் படத்தில் முகம் கருக்கிறது

வரும் ஞாயிறு பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தையொட்டி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் குடும்பப் படம் எடுக்க வேண்டும். சென்ற வாரம் காலை 7.30 மணிக்குச் சூரியன் முதுகுப்புறம் இருக்க ஒத்திகை பார்த்தபோது, முகத்திற்கு ஒளியளவை வைத்தால் கடலும் வானமும் வெளுத்துவிட்டன. வானத்திற்கு வைத்தால் அம்மாவின் மூக்குத்தி மட்டுமே மின்னியது.

கேமரா நிக்கான் டி5600, லென்ஸ் 50 மி.மீ. எஃப்/1.8. ஃபிளாஷுடன் ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டாது என்பதால் லென்ஸின் துளையை எஃப்/11 வரை சுருக்கினேன். அதனால் பின்னணியில் சுற்றுலா வண்டிகள் தெளிவாக விழுந்தன, கேமராவிலேயே உள்ள ஃபிளாஷும் போதவில்லை. முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடித்த தம்பியைக் காற்று நிற்கவிடவில்லை. வெயிலைப் பார்க்க நிறுத்தினால் அப்பா கண்ணைத் திறப்பதில்லை. ஒதுங்க அங்கே மர நிழலும் கிடையாது.

இடத்தையும் நேரத்தையும் மாற்ற இயலாது. லென்ஸுக்குள் வரும் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்.டி.16 ஃபில்டர் போட்டு, பின்னணி மங்கும்படி துளையை எஃப்/2.8-க்குத் திறக்க எண்ணுகிறேன். அது ஃபிளாஷ் ஒளியையும் குறைக்கும் என்பதால், ஐந்து பேருக்குக் கேமரா மேல் செருகும் ஃபிளாஷ் போதுமா, அல்லது ஸ்டுடியோ ஃபிளாஷை வாடகைக்கு எடுக்க வேண்டுமா?