பாதி பழுப்பு, பாதி பச்சை: இது எந்தப் பெரணி?

நண்பர்களே, சுவிட்சர்லாந்தில் டாவோஸ் அருகே, செர்பென்டைன் என்ற, மக்னீசியம் மிகுந்த பச்சை நிறப் பாறையின் இடுக்கில் வளர்ந்திருந்த சிறு பெரணி இது. ஓர் இலையை மட்டும் எடுத்து அழுத்தி உலர்த்தினேன், செடியைத் தொடவில்லை. இலை விரல் நீளம்தான்.

காம்பும் நடுத்தண்டின் பெரும்பகுதியும் செம்பழுப்பு, நுனிப்பக்கம் பச்சை. இதுதான் குழப்பம். அஸ்ப்ளீனியம் என்ற பெரணிப் பேரினத்தின் விரிடி இனம் என்றால் காம்பின் அடி மட்டுமே பழுப்பாக இருக்கும். அதே பேரினத்து ட்ரைக்கோமேனிஸ் இனத்தில் அந்த நிறம் நுனிவரை ஓடும். இவ்விரண்டின் கலப்பில் தோன்றி, செர்பென்டைனையே நாடும் அடல்டெரினம் என்ற இனமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் உலர்ந்த இலையில் பச்சை மங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயரெழுத மனம் வரவில்லை.

இலையின் அடியில் உருவாகும் வித்துகளை (ஸ்போர்களை) நுண்ணோக்கியில் அளந்தால் விரிடியிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியுமா? அளந்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இலையின் அடிப்பக்கப் படமும் இணைத்திருக்கிறேன்.