ஃபைண்டிங் எய்ட்: அடைவா, கைகாட்டியா, தேடுதுணையா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

வடசென்னை வரலாறு எழுத வருகிற மாணவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. ‘பிரைமரி சோர்ஸ்’ என்பதற்கு முதன்மைச் சான்று என்று முடிவாகிவிட்டது. அந்தச் சான்றை எட்டுவதற்கு இடையில் இருக்கும் ‘ஃபைண்டிங் எய்ட்’டுக்குத்தான் சொல் இல்லை.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவணக் காப்பகத்தில் நாமே அலமாரிக்குள் போய்த் துழாவ முடியாது. எந்தத் துறையின் தாள்கள் உள்ளன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், நடுவில் எது அழிந்தது, எதை எழுதிக் கொடுத்தால் கட்டு மேசைக்கு வரும் என்பதையெல்லாம் சொல்ல ஏதோ ஒன்று வேண்டும். அது ஒரு தொகுதியாகவும் இருக்கலாம், ஒற்றைத் தாளாகவும் இருக்கலாம்.

என் பரிந்துரை ‘அடைவு’. சொல்லடைவு, பொருளடைவு, மேற்கோளடைவு என்று ஏற்கெனவே புழங்குகிறது. ‘தேடுகருவி’ என்று எழுதினால் கணினியில் தட்டச்சு செய்து தேடும் பெட்டிதான் நினைவுக்கு வரும். ‘அட்டவணை’யோ ரயில் நேரம் வரைக்கும் போய்விட்டது.

பெரம்பூரிலிருந்து:

> என் பரிந்துரை ‘அடைவு’.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. அடைவு என்பது இண்டெக்ஸ். ஃபைண்டிங் எய்டில் அது ஒரு வகை மட்டுமே. வகையின் பெயரை இனத்துக்கு வைத்துவிட்டால், பிறகு இண்டெக்ஸுக்கு வேறு சொல் தேட வேண்டிவரும். போதாததற்கு, யாழ்ப்பாணத்தில் அடைவுகடை என்றால் அடகுக்கடை. நம் கையேட்டை அவர்களும் படிப்பார்கள்.

இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு எங்கள் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் துறையைத் தீர்மானிக்க வேண்டும். போலீஸ் நடவடிக்கை ஒரு துறையில் இருக்கும், தொழிலாளர் கோரிக்கை இன்னொன்றில், புளியந்தோப்புக் கலவரம் மற்றொன்றில். எந்தத் துறை எந்த ஆண்டில் எந்தப் பொருளைக் கவனித்தது என்று எந்த இண்டெக்ஸும் சொல்லாது. அதைச் சொல்வது காப்பகத்தின் பொதுக் கையேடு. அதற்குப் பிறகுதான் அந்தத் துறையின் ஆண்டு இண்டெக்ஸைத் திறக்க வேண்டும். தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். ‘ஸ்ட்ரைக்’ என்பதில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. மில், லேபர், போலீஸ், ரயட் (கலவரம்) ஆகிய தலைப்புகளையும் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து அரசாணை எண், துறை, நாள் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். துறைக்குத் துறை தனி வரிசை. ஆகவே எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் வேறு ஏதாவது கட்டு வரும், அல்லது எதுவுமே வராது. இண்டெக்ஸில் உள்ள நாள் ஆணை பிறந்த நாளே தவிர, சம்பவம் நடந்த நாள் இல்லை. 1921 கடைசியில் நடந்ததற்கு 1922 இண்டெக்ஸையும் புரட்டாமல் ‘ஆவணம் இல்லை’ என்று எழுதக் கூடாது. கட்டு வந்ததும் ஆணையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல், அதில் சுட்டியிருக்கும் முந்தைய கடித எண்களையும் எடுத்துக்கொண்டால் அடுத்த நான்கு கட்டுகளுக்கு வழி கிடைக்கும்.

கலெக்டர் அலுவலகத் தாள்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பை முடிக்கும்போது போட்ட எழுத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடும். ஆர்.டிஸ் நிரந்தரம், டி.டிஸ் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒன்று. 1930-இன் எல்.டிஸ் கோப்பை இன்று தேடி அலைவது வீண். இந்த விவரமும் ஃபைண்டிங் எய்டைச் சேர்ந்ததுதான். இதையெல்லாம் ‘அடைவு’ என்ற சொல் தாங்குமா?

திருவொற்றியூரிலிருந்து:

பெரம்பூர் ஐயா சொல்வது சரி. நான் ‘ஆவணக் கைகாட்டி’ என்று முன்மொழிகிறேன். கைகாட்டி மரம் தெரியாதவர் ரயில்பாதை ஓடும் நம் பக்கத்தில் கிடையாது. கைகாட்டி ஊருக்குப் போகும் வழியைக் காட்டும். அதையே ஊர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம்.

கல்வெட்டில் இந்தக் குழப்பம் ஓயாமல் நடக்கிறது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகள் பல 1912ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆண்டறிக்கையில் பதிவாகியுள்ளன. அறிக்கையில் வரிசை எண், எந்தச் சுவர், அரச மரபு, அரசன் பெயர், ஆட்சியாண்டு, இரண்டு மூன்று வரியில் செய்தி, இவ்வளவுதான் இருக்கும். அந்த மூன்று வரியை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து, ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். கல்வெட்டு அப்படிக் கூறவில்லை. அறிக்கை எழுதியவர் சுருக்கிக் கூறினார். கொடையில் எத்தனை ஆடு, எத்தனை காசு, யார் கையெழுத்து என்பதெல்லாம் முழுப் பாடத்தில் இருக்கும். அதற்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிக்கோ, கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படிக்கோ போக வேண்டும். பாடம் அச்சாகாதிருந்தால் சுவரிடமே போய்ப் படிக்க வேண்டும். ‘1912இன் இத்தனாம் எண்’ என்பதில் வருவது படியெடுத்த ஆண்டே தவிர, கல்வெட்டு வெட்டிய ஆண்டு இல்லை என்பதையும் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

கைகாட்டி அழகான சொல். ஆனால் கலைச்சொல்லாக வரும்போது இரண்டு இடையூறுகள். ரயில்வேயில் அது சிக்னலுக்கு நிலைத்துவிட்டது. தவிர, கைகாட்டி ஒரு திசையைத்தான் காட்டும்; நமக்கு வேண்டியதோ வழி நெடுகக் கூட வருவது.

‘தேடுதுணை’ என்று வைக்கலாமா? ‘உசாத்துணை’ என்ற பழஞ்சொல் கலந்து பேசத் தக்க துணைவரைக் குறித்தது. இன்று ரெஃபரன்ஸ் என்பதற்கு அதையே எடுத்து ஆள்கிறோம். அதே அச்சில் இது. ‘தேடல்’ என்று தொடங்கினால் புணர்ச்சியில் தேடற்றுணை ஆகி யாரும் வாசிக்க மாட்டார்கள். ‘தேடு’ என்ற வினையடி போதும்.

சொல்லைப் பதிவு அலுவலகத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ராயபுரத்தில் ஒரு மனையின் கைமாற்ற வரலாறு வேண்டுமென்றால் அங்கே இரண்டு தேடுதுணைகள்: இண்டெக்ஸ் ஒன்று ஆட்களின் பெயர்வழி, இண்டெக்ஸ் இரண்டு சொத்தின் வழி. 1908 பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி இவற்றைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். பெயர்வழியில் தேடும்போது தலைப்பெழுத்திலும் பார்க்க வேண்டும், பெயரின் முதலெழுத்திலும் பார்க்க வேண்டும். எழுத்தர் எதில் ஏற்றினார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொத்துவழியில் பழைய கதவெண், புதிய கதவெண், பழைய சர்வே எண், மறுசர்வே எண், கலெக்டர் சான்றிதழ் எண் என்று ஐந்தும் கையில் இருந்தால்தான் சங்கிலி அறாது. ஒன்று விட்டுப்போனால், நடுவில் இருபது ஆண்டுகள் அந்த மனை விற்கப்படவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஊர்ப்பெயருக்குத் தனிப் பக்கமே ஒதுக்குங்கள், தயவுசெய்து. 1708இல் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) கிடைத்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி ஆகிய நான்கும் நம் பக்கத்து ஊர்கள், ஐந்தாவது நுங்கம்பாக்கம். கும்பினித் தாளில் திருவொற்றியூர் ‘டிரிவட்டோர்’, தண்டையார்பேட்டை ‘டண்டோர்’. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒரு வரிகூட அகப்படாது. கோட்டைக்கு வடக்கே இருந்த முதல் கறுப்பர் நகரம் இடிக்கப்பட்ட பிறகு, அந்தப் பெயர் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதிக்கு வந்தது. 1700-இன் தாளில் ‘பிளாக் டவுன்’ என்றிருந்தால் அது இன்றைய உயர்நீதிமன்ற வளாகப் பக்கம். 1800-இன் தாளில் முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை. பெயர் ஒன்று, இடம் வேறு.

பெரம்பூரிலிருந்து:

தேடுதுணைக்கு என் ஒப்புதல். ஆனால் வரையறையில் ஒன்று சேர்க்க வேண்டும். சில நூல்கள் ஒரு கேள்விக்குத் தேடுதுணை, இன்னொரு கேள்விக்குச் சான்று.

இந்திய மொழிப் பத்திரிகைகளில் வந்ததை வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி அரசு வைத்துக்கொண்ட அறிக்கைகள் உண்டல்லவா? சுதேசமித்திரன் என்ன எழுதியது என்று கேட்டால், அந்த அறிக்கை தேடுதுணை. அதிலிருந்து நாளை எடுத்துக்கொண்டு மூல இதழுக்குப் போக வேண்டும். அரசு எதைக் கண்டு கவலைப்பட்டது என்று கேட்டால், அதே அறிக்கை முதன்மைச் சான்று. மூல இதழ் அழிந்துபோன இடத்தில் அறிக்கையை மேற்கோள் காட்டலாம். ஆனால் ‘அரசு மொழிபெயர்ப்பாளரின் சுருக்கப்படி’ என்று எழுதியே ஆக வேண்டும்.

எச்.டி. லவ் 1913இல் வெளியிட்ட சென்னை வரலாற்றுத் தொகுதிகளும் இப்படித்தான். கதையாகப் படித்தால் இரண்டாம்நிலை நூல். அடிக்குறிப்பிலோ பப்ளிக் கன்சல்டேஷன் எனப்படும் கும்பினி ஆலோசனைக் குறிப்புகளின் தொகுதியும் நாளும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனால் தேடுதுணை. பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை 1746 பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பார்க்கிறவர்கள், 1904 முதல் 1928 வரை வந்த பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகளின் இண்டெக்ஸில் ‘மெட்ராஸ்’ என்று தேடி நாளைப் பிடிக்கலாம். மேற்கோள் மட்டும் தமிழ் மூலத்திலிருந்து வர வேண்டும். அங்கே ஊரின் பெயர் சென்னப்பட்டணம். தமிழ்க்காரர் எழுதியதை ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கிப் போடுவது பெரிய அநியாயம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அடைவை விட்டுக்கொடுத்தேன். கையேட்டுக்குப் பதிவு இப்படி:

தேடுதுணை (பெயர்ச்சொல்): ஒரு ஆவணத் தொகுப்பில் என்ன உள்ளது, எப்படி அடுக்கப்பட்டுள்ளது, எது இல்லை, எந்த எண்ணால் கேட்டுப் பெறுவது என்று காட்டும் ஏடு, தாள் அல்லது கணினிப் பதிவு. வகைகள்: பொதுக் கையேடு, அடைவு, விளக்க அட்டவணை, கட்டுப் பட்டியல். எடுத்துக்காட்டு: ‘பதிவு அலுவலகத் தேடுதுணையில் பழைய கதவெண்ணே உள்ளது.’

‘ஆவணக் கைகாட்டி’யை முன்னுரையில் விளக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், திருவொற்றியூர் நண்பர் அனுமதிக்க வேண்டும். வினைத்தொகை என்பதால் ‘தேடுத்துணை’ என்று ஒற்று மிகாது. பிரித்து ‘தேடு துணை’ என்றும் எழுத வேண்டாம், ஏவல்போல் படும். ஊர்ப்பெயர்ப் பக்கத்துக்கு எண்ணூர் முதல் ஏழுகிணறு வரை பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களை அனுப்புங்கள். ஒவ்வொன்றோடும் எந்தத் தாளில், எந்த ஆண்டில் கண்டது என்பதும் வேண்டும்.