போர்ட்டோவில் ஒரே பிற்பகல்: ஃபெரேரா கிடங்குக்குப் போகலாமா?

குறிஞ்சிக்கடல்:
வேலை விஷயமாக போர்ட்டோ போகிறேன், கையில் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது. டோரோ ஆற்றுக்கு அக்கரையில் வில நோவா டி கையாவில் போர்ட் ஒயின் (சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்) கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. டெய்லர், கிரஹாம், சாண்டிமேன் என்று எங்கு பார்த்தாலும் இங்கிலீஷ் பெயர், ஃபெரேரா மட்டும் 1751-லிருந்து போர்ச்சுக்கீசியர் கையை விட்டுப் போனதே இல்லையாம். அங்கே போவது லாபமா? வாங்குவதென்றால் எதை வாங்க? நான் வாரத்துக்கு அரை கிளாஸ் குடிக்கிற ஆள், திறந்த பாட்டில் கெட்டுப்போகுமே என்று பயம்.

தோணித்துறை:
தாராளமாகப் போங்க. 1703-இல் போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்து வரியைக் குறைத்ததும் ஆங்கிலேய வியாபாரிகள் அங்கே காலூன்றிவிட்டார்கள், அந்தக் கதையை மற்ற கிடங்குகளில் எல்லாம் கேட்கலாம். ஃபெரேராவில் கேட்க வேண்டியது அந்தக் குடும்பத்து டோனா அன்டோனியாவின் கதை. 33 வயதில் கணவர் இறந்துவிட்டார், தொழில் மொத்தமும் அந்த அம்மா தலையில். அதிகாரத்தில் இருந்த சல்தான்யா பிரபு, சிறுமியாக இருந்த அவர் மகளைத் தன் பையனுக்குக் கட்டிக்கொடு என்று நெருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கே ஓடிவிட்டார்! திரும்பி வந்தபின், ஃபிலாக்ஸெரா பூச்சி டோரோ பள்ளத்தாக்கின் கொடிகளை வேரோடு காயவைத்த காலத்திலும் நிலம் வாங்கிக்கொண்டே இருந்தார். 1877-இல் ஃபோஸ் கோவா பக்கம் பொட்டலாகக் கிடந்த கிட்டத்தட்ட 300 ஹெக்டேரை வாங்கி, வால் மியாவ் தோட்டத்தை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் இன்றும் ‘ஃபெரெய்ரின்யா’தான், ‘குட்டி ஃபெரேரா’ என்று செல்லப்பெயர். (1987-லிருந்து கம்பெனி சொக்ராப் குழுமத்திடம் இருக்கிறது, அவர்களும் போர்ச்சுக்கீசியர்தான்.)

பீப்பாய்வாசி:
1861-இல் டோரோவில் படகு கவிழ்ந்த கதையையும் கட்டாயம் சொல்வார்கள். வலெய்ரா பாறை இடுக்கில் ஆங்கிலேய போர்ட் வியாபாரி ஃபாரெஸ்டர் பிரபு மூழ்கிப்போனார், உடல் கிடைக்கவே இல்லை. அதே படகில் இருந்த அன்டோனியா பிழைத்தார். அன்டோனியாவின் பாவாடை காற்றடைத்து மிதந்தது, ஃபாரெஸ்டர் இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசு கீழே இழுத்தது என்பார்கள். விபத்து உண்மை, பாவாடையை நான் பாதிதான் நம்புவேன். வேடிக்கை என்னவென்றால், போர்ட்டில் சாராயம் கலக்கக் கூடாது என்று 1844-லேயே சண்டை போட்டவர் இந்த ஃபாரெஸ்டர். தோற்றுப்போனார், அதனால்தான் இன்று நமக்கு இந்த இனிப்பு. சாறு நொதிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில், சர்க்கரை பாதி மிச்சமிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு அப்படியே நின்றுவிடும், கடைசியில் ஆல்கஹால் 20 சதவீதம் வாக்கில் இருக்கும்.

உங்கள் பயத்துக்கு மருந்து டானி வகை. 550 லிட்டர் சுமாருள்ள பீப்பாய்களில் வருஷக்கணக்கில் கிடந்து, மரத்தின் வழியாக மெல்லக் காற்று பட்டு, சிவப்பு கரைந்து செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். வாயில் வால்நட், உலர்ந்த அத்திப்பழம். ஏற்கெனவே காற்று பழகிய சரக்கு, திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். ஃபெரேராவில் 10 வருஷ டானிக்குப் பெயர் கின்டா டோ போர்ட்டோ, 20 வருஷத்துக்கு டுகே டி பிரகன்சா. நான் 20-ஐத்தான் எடுப்பேன்.

கருந்திராட்சை:
டானி மட்டும் போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விண்டேஜ் என்பது நல்ல வருஷத்துச் சரக்கை இரண்டு மூன்று வருஷத்திலேயே பாட்டிலில் அடைத்து, பிறகு பல பத்தாண்டு உள்ளேயே முதிரவிடுவது. அந்த முரட்டுப் பழச்சுவைக்கு ஈடே கிடையாது. ஆனால் அடியில் கசடு தங்கும், வடித்துத்தான் ஊற்ற வேண்டும், திறந்தால் ஓரிரு நாளில் தீர்க்க வேண்டும். அரை கிளாஸ் ஆளுக்குச் சரிவராது, அதனால் அங்கேயே ஒரு கிளாஸ் கேட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

குறிஞ்சிக்கடல்:
நன்றி நண்பர்களே. 20 வருஷம் என்றால் உள்ளே இருப்பது முழுக்க 20 வருஷத்துச் சரக்கா?

பீப்பாய்வாசி:
இல்லைங்க, இளசும் கிழடும் கலந்ததுதான். 20 வருஷச் சரக்குக்குரிய குணம் இருக்கிறதா என்று போர்ட் ஒயின் வாரியத்தின் சுவைஞர்கள் ருசித்து ஒப்புதல் தருவார்கள். ஒரே வருஷத்து டானிதான் வேண்டுமென்றால் லேபிளில் ‘கொல்யெய்ட்டா’ என்று பாருங்கள், அது குறைந்தது 7 வருஷம் மரத்தில் இருந்திருக்கும். அப்புறம், இந்தியாவுக்குத் திரும்பும்போது வரியில்லாமல் 2 லிட்டர்தான் விடுவார்கள், 750 மில்லி என்றால் இரண்டு பாட்டில்.