ஆவணம் நிரலை விட்டு விலகுவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்) உகப்பாக்கத் தெரிவுகளின், அதாவது நிரலை வேகமாகவோ சிறிதாகவோ ஆக்கும் தெரிவுகளின், கையேட்டைத் தமிழாக்கும்போது, கையேடு சொல்வது ஒன்றும் நிரல் செய்வது ஒன்றுமாகிவிடும் நிலைக்கு ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. 'காலாவதி ஆவணம்', 'ஆவணப் பின்தங்கல்' என்ற இரண்டு பரிந்துரைகளும் போதாது என்பது என் கருத்து.

காலாவதி என்றால் நாள்பட்டுக் கெடுவது. இங்கே நாள் காரணமே அல்ல. ஜிசிசி என்ற கம்பைலரின் 11ஆம் பதிப்பு வரை தானியங்கி வெக்டராக்கம் (ஒரே கட்டளையில் பல தரவுகளைக் கணக்கிடுவது) -ஓ3 என்ற உயர் உகப்பாக்க நிலையில்தான் தானாக இயங்கும். 2022இல் வந்த ஜிசிசி 12 அதை அதற்குக் கீழான -ஓ2 நிலைக்கே கொண்டுவந்தது. "வெக்டராக்கத்துக்கு -ஓ3 கட்டாயம்" என்று அதற்கு முந்தின வாரம் எழுதிய பக்கமும், பத்தாண்டு பழைய பக்கமும் ஒரே நாளில் பிழையாயின.

பின்தங்கல் நல்ல சொல், ஆனால் ஒரு திசையைத்தான் காட்டும். ஆவணம் முந்திப்போவதும் உண்டே! இணையத்தில் உள்ள புதிய கையேட்டைப் படித்துவிட்டு, ஜிசிசி 10 வைத்திருப்பவர் நிரலின் அளவைக் குறைக்கும் -ஓஇஸட் தெரிவைக் கொடுத்தால் பிழைச்செய்திதான் வரும். அந்தத் தெரிவு 12இல்தான் சேர்ந்தது.

ஆகவே 'ஆவண விலகல்' என்று முன்மொழிகிறேன். இரு திசைக்கும் பொருந்துகிறது, வினையாகவும் எச்சமாகவும் இயல்பாக வருகிறது: 'இந்தப் பத்தி 12ஆம் பதிப்பில் விலகியது', 'விலகிய பக்கம்', 'விலகல் சோதனை'.

— மறுமொழி —

புள்ளியியலில் 'திட்ட விலகல்' நிலைபெற்ற சொல். விலகல் என்றதும் அளவிடத்தக்க ஒன்று என்ற எண்ணம் வரும். 'ஆவண வழுவல்' பொருந்துமா, பாருங்கள் ஐயா.

— மறுமொழி —

வழு என்பதை நிரற்பிழைக்கு ஏற்கெனவே புழங்குகிறோம். 'ஆவண வழுவல்' என்றால் கையேட்டில் உள்ள எழுத்துப்பிழை என்றே பலர் கொள்வார்கள். தவிர, அளவிடத்தக்கது என்ற எண்ணம் வருவது நல்லதே, ஏனென்றால் இதில் பெரும்பகுதியை அளக்கவே முடியும்.

ஜிசிசியில் எந்த நிலையில் எது இயங்கும் என்ற அட்டவணை ஆப்ட்ஸ்.சிசி கோப்பில் இருக்கிறது, விளக்கமோ இன்வோக்.டெக்ஸி கோப்பில் கையால் எழுதப்படுகிறது. முதலாவதைத் திருத்தியவர் இரண்டாவதைத் தொடாவிட்டால் விலகல் தொடங்கிவிடும். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் 'ஜிசிசி -கியூ -ஓ2 --ஹெல்ப்=ஆப்டிமைசர்ஸ்' ஓட்டி, வெளியீடுகளைத் தனித்தனிக் கோப்பில் சேமித்து, டிஃப் (இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கருவி) எடுங்கள். மாறிய ஒவ்வொரு வரிக்கும் உரிய பத்தியைத் தேடித் திருத்தவேண்டும். இரண்டையும் ஒரே கட்டமைப்பில், ஒரே -மார்ச் (இலக்குச் செயலியைக் குறிக்கும் தெரிவு) மதிப்போடு ஓட்டுவது முக்கியம். இல்லையென்றால் இலக்குக் கணினியால் வந்த வேறுபாடுகள் பதிப்பு வேறுபாடுகளாகத் தெரியும். --பாரம் (உகப்பாக்கத்தின் உள் வரம்புகளை மாற்றும் தெரிவு) மதிப்புகள் இந்தப் பட்டியலில் வராது, அவற்றுக்கு '--ஹெல்ப்=பாரம்ஸ்' தனியே ஓட்டவேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்து "-ஓ2 என்பது இந்தத் தெரிவுகளின் கூட்டு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லா உகப்பாக்கத்துக்கும் தனித் தெரிவு கிடையாது. உகப்பாக்கம் அணைந்திருக்கும் -ஓ0 நிலையில் தெரிவுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும் பெரும்பாலானவை இயங்கா.

டிஃப் பிடிக்காத விலகலும் இருக்கிறது. "12 முதல் -ஓ2 மடக்குகளை வெக்டராக்கும்" என்ற வரியையே எடுங்கள் (மடக்கு என்பது லூப்). பட்டியலோடு அது ஒத்துப்போகும், ஆனால் படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். அந்தப் பதிப்பில் -ஓ2 பயன்படுத்துவது 'வெரி-சீப்' என்ற செலவு மாதிரி (எதை வெக்டராக்கலாம் என்று முடிவுசெய்யும் விதி). வெக்டர் நிரல் மூல மடக்கை முழுவதுமாக மாற்றீடு செய்தால்தான் அது அனுமதிக்கும். 1024 முறை சுற்றும் மடக்கில் நான்கு நான்காக எடுத்தால் மிச்சமில்லை, ஆகவே வெக்டராகும். சுற்று எண்ணிக்கை ஓடும்போதுதான் தெரியும் என்றால் மிச்சத்துக்குத் தனி மடக்கு வேண்டும், அதனால் விட்டுவிடும்.

கிளாங் என்ற மற்றொரு கம்பைலரிலும் இதே கதைதான். அதன் கட்டளைவரித் தெரிவுப் பக்கம் ஆப்ஷன்ஸ்.டிடி கோப்பிலிருந்து தானாக உருவாகிறது, அதனால் தெரிவின் பெயர் விடுபடாது. விளக்கம் சரியா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

எனவே விலகலின் கீழ் இரண்டு சொற்களைச் சேர்க்கலாம்: டிஃப் பிடிப்பது 'பட்டியல் விலகல்', பிடிக்காதது 'பொருள் விலகல்'. இரண்டாவதற்கு, கையேட்டின் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சிறு மாதிரி நிரல் வைத்து, புதிய பதிப்பு வரும்போதெல்லாம், எது வெக்டரானது என்று சொல்லும் -எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக் தெரிவைக் கொடுத்துத் தொகுத்து, செய்தி வருகிறதா என்று பார்ப்பதே வழி. மேலே சொன்ன இரண்டு மடக்குகளிலிருந்தே தொடங்கலாம்.