மறு: டி.ஆர்.எம். – 'உரிமை மேலாண்மை' வேண்டாம், 'உரிமப்பூட்டு' வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்து முடித்தேன். கணினி விளையாட்டுகள் பற்றித் தமிழில் எழுதும்போது டி.ஆர்.எம். (டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது வாங்கிய விளையாட்டை எப்படிப் பயன்படுத்தலாம் என்று விற்றவர் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம்) வருகிற இடத்தில் என்ன போடுவது என்று ஒரு தம்பி கேட்டார், அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இதுவரை வந்த சொற்கள்: எண்ணிம உரிமை மேலாண்மை, இலக்கமுறை உரிமை முகாமைத்துவம் (கொழும்பு அக்கா சொன்னது), நகல் காப்பு, மென்தளை. நான்கும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உரிமை மேலாண்மை. ஆங்கிலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாக்குரிமை, சொத்துரிமை, பேச்சுரிமை என்று நாம் புழங்கும் எல்லாவற்றிலும் உரிமை என்பது நமக்கு இருப்பது. 'இந்த விளையாட்டில் எண்ணிம உரிமை மேலாண்மை உள்ளது' என்று எழுதினால், காசு கொடுத்து வாங்கியவர் தன் உரிமையை யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நடப்பது அதற்கு நேர்மாறு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனும் அவர் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நடுவில் இருக்கும் அந்த 'ஆர்' எழுத்தை உரிமை என்று விரிக்காமல் கட்டுப்பாடு என்றே விரித்து எழுதுகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சுருக்கத்தோடு மல்லுக்கட்டினார்கள். நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தத் தவறையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

அடுத்தது நகல் காப்பு. இதில்தான் ரொம்ப நேரம் நின்றேன். காப்பு முன்னால் வந்தால் காப்புநகல், அதாவது கோப்பு அழிந்துபோனால் உதவட்டும் என்று தனியே எடுத்து வைக்கும் படி. பின்னால் வந்தால் நகல்காப்பு, அதாவது அப்படி ஒரு படியை எடுக்கவே விடாத ஏற்பாடு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. 'இந்த வட்டில் நகல்காப்பு இருப்பதால் காப்புநகல் எடுக்க முடியாது' என்று ஒரு வாக்கியம் எழுதி என் அக்கா மகனிடம் காட்டினேன், அவன் இரண்டு முறை படித்துவிட்டு எதையோ மாற்றித் தட்டச்சு செய்துவிட்டீர்கள் மாமா என்றான். போதாக்குறைக்குக் காப்புரிமை என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாதிப்பேர் கண்டுபிடிப்புக்கும் மீதிப்பேர் பதிப்புரிமைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம், அந்த வழக்கே இன்னும் தீரவில்லை. குழந்தையின் கையில் போடுவது காப்பு, திருவிழாவுக்கு முன் கட்டிக்கொள்வது காப்பு. அணிகிறவரைக் காப்பது என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே ஊறியிருக்கிறது. வாங்கியவரை எந்த விதத்திலும் காக்காத ஒன்றுக்கு அதை வைக்க எனக்கு மனமில்லை.

எனவே பழைய முறைக்கு 'நகல்தடை' போதும் என்பது என் கருத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இருக்கும் சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்ற காலம், அட்டைச் சக்கரத்தைச் சுற்றி எண் பார்த்த காலம், அப்புறம் வட்டு உள்ளே இருந்தால்தான் ஓடும் என்ற சேஃப்டிஸ்க் காலம் எல்லாமே நகலெடுப்பதைத் தடுப்பதற்காக வந்தவை. அந்தச் சேஃப்டிஸ்க்கின் கதை தெரிந்திருக்கும். 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது அதற்கு வேண்டிய இயக்கியை (டிரைவர் என்கிற துணை நிரலை) பாதுகாப்புக் கருதி மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை, அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் ஒரு புதுப்பிப்பு மூலம் அதை முடக்கியது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய வட்டு அலமாரியில் இருக்கிறது, ஆட்டம் ஓடாது. தடை போட்டவர் போய்விட்டார், தடை மட்டும் நிற்கிறது.

டி.ஆர்.எம். இதற்கு அடுத்த கட்டம். இதில் நகலெடுக்கிறீர்களா இல்லையா என்பது பேச்சே இல்லை. நீங்கள் வாங்கியதை இன்று, இந்தக் கணினியில், இந்த நிமிடத்தில் திறக்கலாமா என்று விற்றவரின் சேவையகம் சொல்ல வேண்டும். 2008ல் ஸ்போர் விளையாட்டு செக்யூராம் என்ற டி.ஆர்.எம். பூட்டோடு வந்தபோது மூன்று கணினிகளுக்கு மேல் செயல்படுத்த முடியாது என்றார்கள். அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்ட பிறகு ஐந்து ஆக்கினார்கள். இத்தனைக்கும் அந்த ஆண்டு மிக அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட விளையாட்டு என்று டொரண்ட்ஃபிரீக் என்ற இணையதளம் பட்டியலிட்டதும் அதையேதான். 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சேவையகங்கள் தாக்குதலில் விழுந்தபோது அசாசின்ஸ் கிரீட் 2 வாங்கியவர்களில் பலரால் தனியாளாகக்கூட ஆட முடியவில்லை. 2013ல் சிம்சிட்டியும் அப்படித்தான் வந்தது, இணையம் இல்லாமல் ஆட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிலும் நடந்தது. விளையாட்டின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். 2012ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் சேர்த்து வைத்த காசில் வாங்கிய ஆட்டம், தனியாக ஆடுவது, எதிரில் யாரும் இல்லை. மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் இரண்டு மணி நேரத்துக்குச் சார்ஜ் நிற்கும். ஆனால் மோடத்தின் பச்சை விளக்கு அணைந்த சில நொடிகளில் திரை அப்படியே உறைந்து, இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு பெட்டி வரும். இருட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். மின்சாரம் வந்து மீண்டும் நுழைந்தால் முக்கால் மணி நேரம் ஆடியது போயிருக்கும். இப்படிப் பல நாள். 'மாமா, நான் வாங்கினதுதானே இது?' என்று கேட்டான். நாம் தேடுகிற சொல் அந்தக் கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அதனால்தான் 'உரிமப்பூட்டு' என்கிறேன். உரிமம் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வரும். ஓர் அலுவலகம் தருவது, காலாவதியாவது, புதுப்பிக்க வேண்டியது, வேண்டுமென்றால் ரத்தும் செய்யலாம். விளையாட்டு வாங்குகிறவருக்குக் கிடைப்பது அதுதான். கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் கடைக்காரர்களை இதை வெளிப்படையாகச் சொல்ல வைத்திருக்கிறது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை 2024 அக்டோபரிலேயே, நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும் என்று பணம் கட்டும் பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டது. 2014ல் வந்த தி க்ரூ விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், வாங்கி வைத்திருந்த எல்லோருக்கும் அது ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது.

தஞ்சாவூர் ஐயாவின் மறுப்பைப் பார்த்தேன்:

> பூட்டு என்றால் சாவி பொருளுக்கு உரியவர் கையில் இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவியும் சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள்?

சரியான கேள்வி ஐயா. வெறும் பூட்டு என்று வைத்திருந்தால் உங்கள் பக்கம்தான் நானும். முன்னால் உரிமம் வருவதே சாவி யாரிடம் என்று சொல்லத்தான். உரிமத்தால் திறக்கும் பூட்டு, உரிமத்தைத் தருபவர் வேறு ஆள்.

மென்தளை அழகான சொல். தளையறு மென்பொருள் என்று சிலர் எழுதுவதோடும் நன்றாக இசையும். ஆனால் தளை என்றதுமே தீர்ப்பும் வந்துவிடுகிறது, எனக்கும் அந்தத் தீர்ப்பில் உடன்பாடுதான் என்றாலும், கலைச்சொல்லை விற்பவரும் எழுத முடிய வேண்டும், வழக்கறிஞரும் எழுத முடிய வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தொழில்நுட்ப ஏற்பாட்டைத் தாண்டிச் செல்வதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அதைத் தமிழில் விளக்குகிறவர் தளையை உடைத்தால் சிறை என்று எழுத மாட்டார், உரிமப்பூட்டை உடைத்தால் என்று தாராளமாக எழுதலாம்.

இன்னொரு நன்மை, இதிலிருந்து கிளைச்சொற்கள் சிரமமில்லாமல் வருகின்றன. ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை 2008 முதல் விற்கிற மாதிரி இந்த ஏற்பாடே இல்லாதவை 'பூட்டிலா விளையாட்டு'. டெனுவோ என்ற டி.ஆர்.எம். பூட்டைச் சில நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்துத் தாங்களே எடுத்துவிடுகிறார்களே, அது 'பூட்டு நீக்கம்'. வெளியாள் செய்வது 'பூட்டுடைப்பு'. ஆங்கிலக் கட்டுரைகளில் கடைசி இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன, நமக்குக் குழம்பாது. எத்தனை கணினி என்ற கணக்குக்கு 'நிறுவல் வரம்பு' என்று ஒருவர் சொன்னது நன்றாக இருக்கிறது, அப்படியே வைக்கலாம். எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு வந்த 'எப்போதும் இணையம்' மட்டும் வேண்டாம், அலைபேசி நிறுவன விளம்பரம் போல இருக்கிறது. 'இணையக் கட்டாயம்' என்றால் நேரடியாகப் புரியும்.

கொழும்பு அக்காவிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் ஓட்டுநர் உரிமம் என்பதில்லை, சாரதி அனுமதிப்பத்திரம் என்பீர்கள் அல்லவா? அப்படியானால் உரிமம் என்ற சொல்லை வைத்து நான் மேலே கட்டிய வாதம் அங்கே நிற்காமல் போகலாம். 'அனுமதிப்பூட்டு' என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் மோசமில்லை, ஒருவர் அனுமதித்தால்தான் திறக்கும் என்பது இன்னும் தெளிவாகவே வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எது உடனே புரிகிறது என்று எழுதுங்கள் அக்கா. அதன் பிறகு விக்சனரியில் ஏற்றலாம்.

அன்புடன்