புதுப்பிப்பு: ஹீற்றர் சத்தமும் தீராந்தித் தூளும்

குளியலறை ஹீற்றர் ஏன் கடலை வறுக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது, அம்மம்மா வீட்டுப் பனந்தீராந்தியில் (கூரையைத் தாங்கும் பனை உத்தரத்தில்) ஏன் தூள் கொட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

ஹீற்றர் கதை சின்னது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவது. சூடாக்கினால் சுண்ணாம்பு ஹீற்றருக்குள் சூடேறும் கம்பியான கொயிலில் படியும். படிவுக்குள் மாட்டும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் சத்தம்தான் அது. கரண்டை நிறுத்திக் கழற்றினால் கொயிலே தெரியவில்லை! சுரண்டியாயிற்று. சூடு கூடினால் படிவும் கூடும் என்பதால் இப்போது 60 பாகையோடு நிறுத்தியிருக்கிறோம்.

தீராந்திக்குப் பலரும் கறையான் என்றீர்கள். கறையான் என்றால் சுவரில் மண்கோடு ஏறியிருக்கும். இங்கே இருந்தது குண்டூசித் தலையளவு ஓட்டைகள், கீழே மெல்லிய தூள். ஆகவே வண்டு. ஆசாரியார் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். நடுவில் டக்கென்று நின்றது, பனை வைரமல்லவா. சுவருக்குள் போகும் நுனியிலோ விரல் நீளத்துக்கு இறங்கியது. மேலே ஓடு விலகி, மாரி மழை முழுக்க அந்த நுனியில்தான் வடிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் வண்டைவிட ஈரம்தான் பெரிய வில்லங்கம்.

இப்போதைக்குத் தீராந்திக்கு முட்டுக் கொடுத்து, கூரையில் வேறு ஓடு போட்டிருக்கிறோம். மருந்து அடிக்கச் சொன்னவர்களே, சரி, முதலில் மரம் காயட்டும். பழைய தூளைக் கூட்டிவிட்டுப் பேப்பர் விரித்திருக்கிறேன். புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.