முரண்சுழலா, எதிர்ச்சுழலா?

அன்புள்ள ஐயா,

கயிற்றில் கட்டிய பந்தைச் சுழற்றும் ஆட்டத்தில், கை ஒரு பக்கமும் பந்து மறுபக்கமுமாகச் சுற்றுவதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன 'எதிர்ச்சுழல்' எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரையில் அதைப் பயன்படுத்தியும் பார்த்தேன். என்னோடு கயிற்றுப்பந்து சுழற்றக் கற்கிறவர்கள் மூன்று பேர். (நியூசிலாந்தின் மாவோரி மொழியில் இதன் பெயருக்குப் பந்து என்றுதான் பொருள். அந்தப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் 'பொய்' ஆகிவிடுகிறது. சுழற்பந்து என்றால் கிரிக்கெட். அதனால் கயிற்றுப்பந்து என்றே எழுதுகிறேன்.)

"இப்போ எதிர்ச்சுழல்" என்றேன். ஒருவர் வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டிருந்ததை இடஞ்சுழியாக மாற்றினார். இன்னொருவர் இரண்டு கைகளையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழற்றினார். மூன்றாமவர் மட்டும் சரியாகச் செய்தார், அவர் யூடியூபில் ஏற்கெனவே பார்த்திருந்தார். முதல் இருவர் மீதும் தப்பில்லை. 'எதிர்' என்ற சொல் மூன்றுக்கும் பொருந்துகிறது.

இந்த ஆட்டத்தில் ஒரே கைக்கு இரண்டு வட்டங்கள் உண்டு. கையே காற்றில் போடுகிற பெரிய வட்டம் ஒன்று. கையைச் சுற்றிப் பந்து போடுகிற வட்டம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பந்து காற்றில் ஒரு பூ வரையும். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் அந்தப் பூவின் இதழ்கள் உள்நோக்கிச் சுருளும். எதிரெதிராகப் போனால் வெளிநோக்கி விரியும். கை ஒரு சுற்று முடிப்பதற்குள் பந்து மறுபக்கமாக மூன்று சுற்று சுற்றினால் நான்கு இதழ், இரண்டு சுற்றென்றால் மூன்று இதழ். ஆனால் ஒரே பக்கமாகச் சுற்றி நான்கு இதழ் வரவைக்க ஐந்து சுற்று வேண்டும்! முதலில் நான் நம்பவில்லை. வீடியோவைக் கால் வேகத்தில் ஓடவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து எண்ணிய பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

வீடியோ பார்த்துக் கற்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில ஆசிரியர்கள் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், சிலர் முதுகு காட்டி நிற்கிறார்கள், சிலர் படத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுகிறார்கள். சில வீடியோக்களில் அவர்களின் வலஞ்சுழி நமக்கு இடஞ்சுழியாகிவிடும். ஆனால் கைக்கும் பந்துக்கும் உள்ள உறவு மட்டும் கண்ணாடியிலும் மாறாது. நமக்கு வேண்டிய சொல் அந்த உறவைச் சொல்ல வேண்டும், திசையை அல்ல.

வெளிநோக்கிய இதழின் நுனிக்குப் பந்து வரும்போது கை ஒரு பக்கம் இழுக்கும், பந்து மறுபக்கம் போகும். வேகம் குறைந்து பந்து ஒரு கணம் தயங்குவதுபோல் இருக்கும். விரலில் அதை உணரும்போதெல்லாம் எனக்குப் பந்து முரண்டு பிடிப்பதாகவே தோன்றும். அதனால் இதை 'முரண்சுழல்' என்றும், கையும் பந்தும் ஒரே பக்கமாகச் சுற்றுவதை 'உடன்சுழல்' என்றும் சொல்லலாமா? 'எதிர்' என்பதை இரண்டு கைகளும் எதிரெதிராகச் சுற்றுவதற்கே விட்டுவிடலாம்.

அப்புறம், கைகள் குறுக்கே போய்வரும் ஆட்டத்துக்கு நீங்கள் சொன்ன 'பின்னல்' அருமை. பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

~

தம்பி,

கண்ணாடி பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. உடன்சுழல் சரி. ஆனால் 'முரண்' என்றால் ஏதோ பிழை என்று படிக்கிறவர் நினைக்கமாட்டாரா? 'முன்னுக்குப் பின் முரண்' என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம். 'மறுசுழல்' என்று வைத்தால் மென்மையாக இருக்கும்.

~

ஐயா,

'மறு' என்றால் மீண்டும் என்றும் பொருள் வருகிறது. மறுசுழற்சி என்றாலே பழைய பிளாஸ்டிக் நினைவுக்கு வரும் காலம் இது. இன்னொரு முறை சுழற்று என்று சொல்வதாகவும் கேட்கும்.

முரண் எப்போதும் பிழை இல்லையே. யாப்பில் முரண்தொடை இருக்கிறது. எதிர்ப்பொருள் கொண்ட சொற்களை அடிகளில் வேண்டுமென்றே தொடுக்கிறோம், அதை அழகு என்கிறோம். கையும் பந்தும் அப்படித்தான் தொடுக்கப்படுகின்றன. அந்த முரண் இல்லாவிட்டால் வெளியே விரியும் இதழே இல்லை.

வரும் ஞாயிறு புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். வீடியோ எதுவும் பார்த்ததில்லை, சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்து போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாலையில் கடற்காற்று பந்தைத் தள்ளிவிடும் என்பதால் காலை ஆறரைக்கே. இரண்டு வட்டங்களை மட்டும் காட்டிவிட்டு, ஒருவரிடம் முரண்சுழல் என்றும் மற்றவரிடம் மறுசுழல் என்றும் சொல்லிப் பார்க்கிறேன். என்ன செய்தார்கள் என்று அன்று மாலையே எழுதுகிறேன்.